மீன் கடைசியில் வரட்டும்



பொங்கல் இதழில் வீட்டுத் தோட்டத்து நீர்த்தொட்டிகளைப் பற்றி இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தோம். அதற்கு வரும் கடிதங்கள் இன்னும் நின்றபாடில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொல்லைகளிலிருந்து, கோவையிலிருந்து, சென்னைப் புறநகர் மொட்டை மாடிகளிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒன்று. படங்களும் சேர்ந்து வருகின்றன. கிணற்று உறையைப் பாதி மண்ணில் புதைத்துச் செய்த குளம், தார்ப்பாய் விரித்த குழி, மாமனார் காலத்து மாட்டுத் தொட்டியில் பூத்திருக்கும் அல்லி. பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

ஆனால் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆசையாய்க் கட்டினோம், தண்ணீர் நிரப்பினோம், மறுநாளே மீன் வாங்கி விட்டோம், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செத்த மீன்களைப் பேரன் பார்த்துவிடக் கூடாதென்று விடியுமுன் எடுத்து மரத்தடியில் புதைத்ததாக ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அதை வாசித்த பிறகு இந்த மாதம் இந்தப் பக்கத்தை வேறு எதற்கும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாவுக்கும் அவரைப் போல எழுதிய மற்றவர்களுக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கைராசியில் குறை ஏதும் இல்லை. மீன் கடைசியில் வர வேண்டியது, அவ்வளவுதான். முதலில் தண்ணீர், அடுத்துச் செடி, அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருப்பு, பிறகுதான் மீன். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீனும் பிழைக்காது.

தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். மீன் அதற்குள்ளேயேதான் மூச்சுவிடுகிறது, அதற்குள்ளேயேதான் கழிவையும் விடுகிறது. அந்தக் கழிவில் பெரும்பகுதி அம்மோனியா. செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடும். அதற்கு நிறமில்லை, கொஞ்சமாக இருக்கும்வரை வாடையும் தெரியாது. ஆனால் மிகச் சிறிய அளவே செவுளைப் புண்ணாக்கிவிடும். தண்ணீர் சூடாக இருந்தாலும் காரத்தன்மை கூடியிருந்தாலும் இதே அம்மோனியாவின் நச்சு பல மடங்கு ஏறும். நம் ஊர் வெயிலையும் போர் தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள், குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ள கணக்கு இங்கே ஏன் பொய்த்துப்போகிறது என்று புரியும்.

இதைத் தீர்க்கும் வழியை இயற்கையே வைத்திருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, செடிக்கோ அது உணவு. மண்ணிலும் நீரிலும் இந்த வேலையைச் செய்கிற நுண்ணுயிர்களை ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டினார். இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிடக் கூழாங்கல்லிலும் தொட்டிச் சுவரிலும் செடியின் வேரிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுத் தொட்டியில் இவை அறவே இருக்காது என்றே சொல்லலாம். தாமாகப் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் மீன்கள் செத்தது இந்த இடைவெளியில்தான்.

இந்தக் காலத்தைக் கொஞ்சம் சுருக்கவும் வழி உண்டு. பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல, நன்றாக நடக்கும் பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு கை கூழாங்கல்லோ ஃபில்டர் பஞ்சின் ஒரு துண்டோ வாங்கிவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். அந்தத் தொட்டியின் மீன்களுக்கு நோய் இல்லை என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மீன் இல்லாத தண்ணீரில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தூவிவாருங்கள். அது அழுகி அம்மோனியாவாகி அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகும். வண்ணமீன் கடைகளில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மீனைப் பற்றி யோசிக்கலாம். பின்னாளில் ஃபில்டர் பஞ்சைக் கழுவ நேர்ந்தால் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் பட்டு, மாதக்கணக்கில் வளர்ந்ததெல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும்.

சிமெண்ட் தொட்டி, புது உறை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, இறைத்துக் கொட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். மூன்று நான்கு முறையாவது இப்படிச் செய்யுங்கள். வாழைத்தண்டையும் மட்டையையும் வெட்டிப்போட்டு ஊறவைக்கும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. நல்ல வழக்கம்தான்; ஆனால் அழுகிய தண்டை முழுதும் வாரியெடுத்துக் கழுவிவிட வேண்டும். குழாய்த் தண்ணீரானால் ஒன்றிரண்டு நாள் திறந்தபடி வெயிலில் வையுங்கள், குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். உயரத்திலிருந்து பூவாளியில் விழுவதுபோல ஊற்றுங்கள்.

உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரிந்துவைத்துக்கொள்வதும் அவசியம். சதுரத் தொட்டியானால் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்குங்கள். வட்டமான உறையானால், 4 அடி விட்டத்தில் 2 அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 700 லிட்டர். மருந்தோ மீனோ, எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்கும்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். செடி.

வீட்டுத் தொட்டிக்கு அல்லியைவிடப் பொருத்தமான செடி இல்லை என்பது என் முடிவு. தாமரை மீது எல்லோருக்கும் ஆசை. ஆனால் அது தனித் தொட்டி கேட்கும், முழு வெயில் கேட்கும், தண்டுக்கிழங்கை ஓடவிட்டு இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அல்லி உள்ள இடத்துக்குள் அடங்கி வாழும். வாய் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வயல் களிமண்ணோ ஏரி வண்டலோ நிரப்புங்கள். தொழு உரம், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் வேண்டாம். மண்ணில் நல்லது செய்யும் உரம் தண்ணீருக்குள் அழுகி மீனுக்கு எமனாகும். நார்க்கழிவு மிதந்து வெளியே வந்துவிடும். கிழங்கின் வளரும் முனை மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, மேற்பரப்பில் இரண்டு விரல் கனத்துக்குச் சுத்தமான மணலோ சின்ன ஜல்லியோ பரப்பினால் மீன் கிளறினாலும் மண் கலங்காது. முதலில் செங்கல் அடுக்கி அதன்மேல் உயரமாக வையுங்கள். இலைக்காம்பு நீள நீள ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துத் தாழ்த்துங்கள். கடைசியில் கிழங்கின் மேல் ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் போதும். தினம் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் கட்டாயம் வேண்டும். நிழலில் இலை வரும், பூ வராது. பூக்கும் காலத்தில் எலும்புத்தூளைக் களிமண்ணில் உருட்டி வேரோரம் ஆழமாக அழுத்திவிடுங்கள்.

நாட்டு அல்லிகளில் வெள்ளையும் சிவப்புமான ஆம்பல் அந்தியில் விரிந்து மறுநாள் முற்பகலில் குவியும். நீலப் பூ பகலில் பூக்கும். வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் நர்சரியில் இரவில் பூப்பதைக் கேட்டு வாங்குங்கள். பூ இருப்பதே மூன்று நான்கு நாள். அதைப் பார்க்காமல் போவது வருத்தமான விஷயம்.

தாமரைதான் வேண்டும் என்று நிற்பவர்களை நான் தடுக்கவில்லை. விதையிலிருந்தே முயலலாம். விதை ஓடு கல்போல் இறுகியிருக்கும். ஒரு முனையைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரிந்ததும் தண்ணீரில் போட்டு, தினம் தண்ணீர் மாற்றிவந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். வடகிழக்குச் சீனாவில், வறண்டுபோன பழைய ஏரிப் படுகை ஒன்றில் எடுத்த தாமரை விதை ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைத்ததை ஆய்வாளர்கள் 1995-இல் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த இறுகிய ஓட்டின் பெருமை அது.

அல்லியோடு கூட, நீருக்குள்ளேயே வளரும் வேலம்பாசி கொஞ்சம், கரையோரச் சட்டிகளில் வல்லாரை, நீர்ப்பிரம்மி, வசம்பு, சேம்பு என்று வைத்தால் நைட்ரேட்டை இவை உறிஞ்சிக்கொள்ளும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடியிருக்கட்டும், மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கட்டும். தண்ணீர் பச்சையாகிவிட்டது என்று பதறி எழுதியவர்களுக்கும் இதுவே பதில். வெயிலும் உரமும் மிஞ்சினால் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். இலை மூடினால் வெயில் குறையும், செடி வளர்ந்தால் உரமும் குறையும். முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புவது மருந்தல்ல, நோயை முதலிலிருந்து தொடங்குவது. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் விடுங்கள்.

இப்போது மீன்.

700 லிட்டர் உறைக்கு விரல் நீளச் சிறு மீன்கள் பத்துப் பன்னிரண்டு போதும். இது குறைவாகத் தோன்றும், தெரியும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வரிசையாகத் தொட்டிகளைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு திரும்புவது கடினம். ஆனால் கோய் கெண்டையை இந்த அளவுத் தொட்டியில் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில், வயல் பாசனக் குளங்களில் வளர்த்த கெண்டைகளிலிருந்து தேர்ந்தெடுத்து வந்த மீன் அது. இரண்டு அடிக்கு மேல் வளரும், பல ஆயிரம் லிட்டர் வேண்டும், அல்லித் தொட்டியைக் கிளறிப் பிரித்துப்போடும். தங்கமீனும் குளிர்ந்த நீருக்குப் பழகிய இனம்; நம் சித்திரை வெயிலில் ஆழமில்லாத தொட்டியில் படாதபாடு படும். ‘மிஸ் கேரளா’ என்ற பெயரில் விற்கும் அழகான மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்குரியது, அழியும் ஆபத்தில் உள்ளது. அது ஓடையிலேயே இருக்கட்டும்.

என் விருப்பமெல்லாம் நம் வாய்க்கால்களில் இன்னும் மிச்சமிருக்கும் சிறு மீன்கள்மேல்தான். தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும் ஆப்ளோகைலஸ் அவற்றில் ஒன்று. கொசுப்புழுவைத் தேடித் தேடித் தின்னும், வெயிலைத் தாங்கும். கொசுவுக்காக 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீனைப் பலர் இன்றும் விடுகிறார்கள். அது கொசுப்புழுவோடு நிற்காது. தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் மற்ற மீன் குஞ்சுகளையும் விடாது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. கப்பியும் வெளிநாட்டு மீனே; அடைத்த தொட்டிக்குள் வளர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் மாதந்தோறும் குஞ்சு போட்டுத் தொட்டியை நிறைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பனையேறிக் கெண்டையை விடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த மீனுக்கு நம் கடற்கரையில் ஒரு தனிக் கதை உண்டு. 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், குளத்தோரப் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தாமே பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயஸ் சங்கத்தின் இதழில் அது அச்சானது. மரமேறுவதைப் பற்றிப் பிறகு வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். ஆனால் வெளிக்காற்றை மூச்சாக எடுத்துக்கொண்டு ஈரத் தரையில் அது நடப்பது உண்மை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். மழை இரவில் உங்கள் தொட்டியை விட்டுப் புறப்பட்டுவிடும். இருக்கும்வரை சின்ன மீன்களையும் தின்றுவிடும்.

வாங்கிவந்த மீனை நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். பையோடு கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துச் சேர்ப்பது இன்னும் நல்லது. வெள்ளைப்புள்ளி நோயும் மீன் பேனும் புது மீனோடுதான் வரும். சோர்ந்த மீனுக்கு லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு கலந்த தண்ணீர் உதவும். அதைத் தனி வாளியில் செய்யுங்கள், அல்லிக்கு உப்பு ஆகாது.

தீவனம் நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. ஒருநாள் போடாமல் விட்டாலும் மீனுக்கு நல்லதே. கோயில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை நமக்கு. வீட்டுத் தொட்டியில் பொரியும் சோறும் பிஸ்கட்டும் ஊறி அடியில் தங்கி அழுகும். பேரப்பிள்ளைகளுக்குத் தீவனம் போடும் மகிழ்ச்சியைத் தர வேண்டுமென்றால் அன்றைய அளவை ஒரு சின்ன மூடியில் எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள், டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பங்குனி பிறந்திருக்கும். அடுத்த மூன்று மாதம்தான் சோதனை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைவு. செடிகள் பகலில் பிராணவாயுவைத் தந்தாலும் இரவில் அவையும் அதையே சுவாசிக்கின்றன. ஆகவே மிக மோசமான நேரம் விடியற்காலை. கத்திரி வெயில் நாட்களில் காபி போடுமுன் தொட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மீன்கள் வாயை மேலே நீட்டித் திணறினால் உடனே தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். சின்ன ஏர் பம்ப் ஒன்று இரவில் ஓடினால் நிம்மதி. மதியத்துக்கு மட்டும் மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுங்கள், காலை வெயில் அல்லிக்கு வேண்டும்.

வெயிலில் தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு ஆவியாகாது. போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஈடுகட்டினால் ஓரத்தில் வெள்ளைப் படிவம் ஏறுவதைக் காண்பீர்கள். உள்ளேயும் அதே கதைதான். மழைநீர் சேமித்தவர்கள் அதைக் கொஞ்சம் இதற்கு ஒதுக்குங்கள். கோடை மழை திடீரென்று கொட்டினால் மகிழ்ச்சியோடு கவனமும் வேண்டும். குளிர்ந்த மழைநீர் கீழே இறங்க, அடியில் தேங்கிய கசடும் பிராணவாயு இல்லாத நீரும் மேலே வரும். வெயிலுக்குப் பின் பெய்த மழையில் கோயில் குளங்களில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூரையில் விழும் முதல் மழையைத் தொட்டிக்குத் திருப்பிவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டார் கொசுவைப் பற்றிக் கேட்பார்கள். மீனிருக்கும் தொட்டியில் கொசுப்புழு தப்பாது. டெங்கு பரப்பும் கொசு பூந்தொட்டித் தட்டிலும் கொட்டாங்கச்சியிலும் மூடாத டிரம்மிலும் முட்டையிடுகிறது. அவற்றைக் கவிழ்த்துவையுங்கள். ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் தொட்டிப் பக்கம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். பைரித்ராய்டு வகை மருந்துகளின் சாரல் பட்டாலே மீன்கள் மாண்டுபோகும். தண்ணீர்ப் பாம்பு வந்தால் அடிக்காதீர்கள், அதற்கு நஞ்சில்லை. ஆமையைப் பிடித்துவந்து விடாதீர்கள், நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சின்னக் குழந்தைகள் உள்ள வீடானால், நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போல் உறுதியான கம்பிவலை பொருத்தாமல் தண்ணீரே நிரப்பாதீர்கள். அல்லி இலை வலைக்கண் வழியாக மேலே வந்துவிடும். அரை அடி தண்ணீர்கூட ஆபத்துதான்.

இன்னொன்றையும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மீன் பெருகிவிட்டது, வளர்ந்துவிட்டது, வீடு மாறுகிறோம் என்று சொல்லி ஏரியிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குள் புகுந்தது. முள்ளும் செதில் கவசமுமாக வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது, சந்தையில் விலைபோவதில்லை. ஏரியை நம்பிப் பிழைக்கும் மீனவர் அதைக் கழித்துக்கட்டிவிட்டுத்தான் தன் கெண்டையைத் தேட வேண்டியிருக்கிறது. மிஞ்சிய மீனைக் கடைக்காரரிடமோ வேறொரு தொட்டிக்காரரிடமோ கொடுங்கள். செடிக்கும் இதே விதிதான். அமேசான் பக்கத்திலிருந்து வந்து நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் வெங்காயத்தாமரையைத் தொட்டிக்காக வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மிஞ்சியதை வாய்க்காலில் எறியாமல் வெயிலில் உலர்த்தி உரக்குழியில் போடுங்கள்.

வைகாசி முடிந்ததும் உங்களிடமிருந்து மறுபடி கடிதம் எதிர்பார்க்கிறேன். கத்திரியில் எந்தச் செடி தாங்கியது, எந்த மீன் பிழைத்தது, உங்கள் ஊர் வாய்க்காலில் இன்னும் என்ன சிறு மீன்கள் இருக்கின்றன, அவற்றை உங்கள் பக்கம் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று எழுதுங்கள். படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். வரும் குறிப்புகளையெல்லாம் ஊர்வாரியாகத் தொகுத்து ஆடி இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்